மோட்டார் போட்டால் நின்றுவிடும்

மவுஸின் வயிற்றைத் திருகித் திறந்து, உள்ளே கிடக்கும் ரப்பர் உருண்டையை எடுத்து, சட்டை நுனியில் துடைத்துத் திரும்பப் போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் என் செட்டுதான். வெள்ளெழுத்துக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே வீடெல்லாம் தேடுகிற வயது நமக்கு. இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் நாங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு போக மாட்டோம் என்றால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். நீங்களும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுப் போனவர்கள்தானே.

அந்தச் செருப்பு விஷயம் பின்னால் வரும். முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன்.

சேரன்மகாதேவியில், தாமிரபரணிக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பா வயர்மேன். ஊரில் பாதி வீட்டுக்கு அவர்தான் வயரிங் செய்தவர். யார் வீட்டில் பல்பு மினுக்கினாலும் "வயர்மேன் அண்ணாச்சியக் கூப்பிடு" என்பார்கள். கரண்ட் அவர் பேச்சைக் கேட்கும் என்று நான் முழுசாக நம்பியிருந்தேன். அவருடைய பாதம் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்த வயல் போல இருக்கும். உள்ளங்கை அதைவிட மோசம். டெஸ்டர் பக்கத்தில் இல்லாவிட்டால் புறங்கையால் கம்பியைத் தொட்டுப் பார்த்து "வருது" என்பார். பஸ் வருகிறது என்று சொல்வதற்கும் அதற்கும் குரலில் வித்தியாசமே இருக்காது.

அண்ணனுக்கு அப்போது இருபது வயது, எனக்குப் பதின்மூன்று. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடியில் ஆறு மாதம் ஹார்டுவேர் படித்துவிட்டு வந்தவன், "நானே ஒரு கம்ப்யூட்டர் மாட்டுதேன்" என்று கிளம்பினான். ஒவ்வொரு பாகமாகத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவான். ஒரு நாள் மதர்போர்டு வரும். அடுத்த வாரம் ஃபேன் வரும். பவர் சப்ளைப் பெட்டி மட்டும் பழையது. மூடிப்போன ஏதோ ஒரு சென்டரில் கழித்துப் போட்டதை வாங்கி வந்து தூசி தட்டி மாட்டினான். இந்தப் பழைய பெட்டியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை முதன்முதலாக ஆன் செய்தான். அம்மா சந்தனப் பொட்டு வைத்தாள். பச்சை விளக்கு எரிந்து, உள்ளேயிருந்து ஒற்றைக் குரலில் 'பீப்' என்று கேட்டதும் அண்ணன் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டு அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை. மூன்று வாரம் அது ஒரு குறையுமில்லாமல் ஓடியது. இந்த மூன்று வாரத்தைப் பின்னால் எல்லாரும் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. அந்த மூன்று வாரமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதில் வீடு வரைந்தவள் நான்தான்.

பங்குனியில் பிசான நெல் அறுவடை முடிந்ததும் கன்னடியன் கால்வாயில் தண்ணீரை அடைத்துவிட்டார்கள். கால்வாய் அடைத்தால் எங்கள் தெருவில் நிலத்தடித் தண்ணீர் கீழே போகும். எங்கள் வீட்டுப் போர்வெல்லிலும் மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. ஆட்கள் வந்து போரை இன்னும் ஆழப்படுத்தினார்கள். கீழே இறங்கியிருந்த துருப்பிடித்த இரும்புக் குழாயை உருவிப்போட்டுவிட்டுப் புதுப் பிளாஸ்டிக் குழாயை இறக்கினார்கள். மேலே, மோட்டாரிலிருந்து தொட்டிக்கும் முற்றத்துக் குழாய்க்கும் போகிற பழைய இரும்புக் குழாயில் கை வைக்கவில்லை. அப்பா கூடவே நின்று பார்த்தார். "இனி ஆயுசுக்கும் துருப் பிடிக்காது" என்றார். வாசலில் போட்ட இரும்புக் குழாயைப் பழைய இரும்புக்காரன் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பியை, வீட்டுக்குப் பல வருஷத்துக்கு முன் அப்பா அந்தக் குழாயை நம்பித்தான் கட்டியிருந்தார் என்பது அன்று யாருக்கும் நினைவில்லை. கட்டியவருக்கே இல்லை.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் முதல் தடவையாக நின்றது.

நான் வரைந்த வீட்டுக்கு ஜன்னல் வைத்துக்கொண்டிருந்தேன். கோடு பாதியில் உறைந்தது. பிறகு திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்து வரிசையாக ஓடி, தானே அணைந்து தானே எரிந்தது. நமக்கெல்லாம் பழகிப்போன அந்த நீலத்தை நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

அண்ணன் பெட்டியைப் பிரித்தான். ராம் அட்டையைக் கழற்றி, என் பள்ளிக்கூட அழிரப்பரால் அதன் பித்தளைப் பற்களைத் தேய்த்தான். ஒரு வாரத்தில் என் ரப்பர் தீர்ந்துபோனது. ஃபேனுக்குத் தையல் மிஷின் எண்ணெய் விட்டான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். ஏற்றி முடித்து இரண்டு மணி நேரம் ஓடும். 'சரியாயிட்டு' என்று நினைக்கும்போது நிற்கும். அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. ஒரேயடியாகக் கெட்டுப்போனால் கெட்டுப்போனது என்று விட்டுவிடலாம். இது நன்றாக இருந்துகொண்டே இருந்தது.

"என்னலே, உறக்கம் வந்த கோழி மாதிரி அப்பப்பக் கண்ண மூடுது?" என்று அப்பா சாப்பிடும்போது கேட்பார். அண்ணன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான்.

அப்புறம் அது கிள்ள ஆரம்பித்தது.

செருப்பு இல்லாமல் சிமென்ட் தரையில் காலை வைத்துக்கொண்டு பெட்டியின் தகரத்தைத் தொட்டால் விரல் நுனியில் கட்டெறும்பு கடித்ததுபோல் சுருக்கென்று இருக்கும். எப்போதும் இருக்காது. சில நேரம் மட்டும்தான். நான் அண்ணனிடம் சொன்னேன், அண்ணன் அப்பாவிடம் சொன்னான். அப்பா வந்து புறங்கையைப் பெட்டிமேல் வைத்தார். அப்புறம் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"எங்கன அடிக்கி? ஒண்ணையும் காணோம்."

"எனக்கு அடிக்கிப்பா" என்றேன்.

"அது பூப்போல லீக்கேஜ், ஒண்ணும் செய்யாது. காலுக்குக் கீழ பலகையப் போட்டுக்கோ."

நாங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற பலா மரத்து மணைப்பலகை ஒன்று கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே போனது. அதன்மேல் காலை வைத்துக்கொண்டால் எதுவுமே தெரியாது. எல்லாருக்கும் நிம்மதி. செருப்பைப் போட்டுக்கொள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள். மரியாதை போய்விடுமே! இப்போது நினைத்தால் அந்தப் பலகையைத்தான் முதலில் அடுப்பில் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த வீடு எங்களிடம் எதையோ சொல்ல வந்தது. நாங்கள் அதன் வாயை அடைத்துவிட்டோம்.

மோட்டார் ஓடும்போதுதான் கம்ப்யூட்டர் நிற்கிறது என்று கண்டுபிடித்தது அண்ணன். ஒரு நோட்டில் நேரம் குறித்து வைத்துப் பார்த்திருக்கிறான். அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். "மோட்டார் ஓல்டேஜ இழுக்கும்லா. இது சின்னப் பிள்ளைக்குத் தெரியும்." ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினார்கள். அதற்கப்புறமும் நின்றது. கடைசியில், மோட்டார் ஓடும்போது கம்ப்யூட்டர் கூடாது, கம்ப்யூட்டர் ஓடும்போது மோட்டார் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டார்கள்.

அன்று அண்ணன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான்.

"வீட்டு எர்த்த ஒருதரம் பாக்கணும்ப்பா. எங்க சாரு சொல்லித் தந்தாரு, எர்த் இல்லேன்னா..."

அப்பா சோற்றுக் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "எனக்கு எர்த் சொல்லித் தாரியாலே நீ? ஆறு மாசம் மாடியில ஒக்காந்து படிச்சிட்டு வந்து, இருவத்தஞ்சு வருசமாக் கம்பத்துல ஏறுதவனுக்குச் சொல்லித் தார! ஒன் பெட்டியப் பாரு மொதல்ல. அந்தப் பழைய சப்ளைய எவன் கழிச்சிப் போட்டானோ!"

அதற்குப் பிறகு அண்ணன் எர்த் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. தன் பெட்டியில்தான் ஏதோ தப்பு என்று அவனே நம்பத் தொடங்கினான்.

இதே நாட்களில்தான் அம்மாவுக்கு நரம்புத் தளர்ச்சி வந்தது.

அப்படித்தான் சொன்னார்கள். பாத்திரம் துலக்கும்போது, துணி அலசும்போது, விரல் நுனியில் விறுவிறு என்று ஓடுகிறது என்றாள். "குழாயத் திறந்தாக் கிள்ளுதுங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா போய்க் குழாயைப் பிடித்துப் பார்த்தார். அவர் கைக்கு என்ன தெரியும்? "ஒடம்புல சத்து இல்ல. கம்பவுண்டரப் போய்ப் பாரு" என்றார். கம்பவுண்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி போட்டார். சிவப்பு மருந்து. போட்ட இடம் வீங்கி, அம்மா ஒருக்களித்துப் படுப்பாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது நான்தான்.

இனிச் சொல்லப்போவதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. குழாய் என்னையும் கிள்ளியது. எனக்கும் அம்மாவின் வியாதி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சொன்னால் எனக்கும் அந்தச் சிவப்பு ஊசி போடுவார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. குழாயைப் பாவாடை நுனியால் பிடித்துத் திறக்கப் பழகிக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால் குழந்தைத்தனம் என்று மன்னிக்கலாம். கம்ப்யூட்டர் அறை ஜன்னலிலிருந்து முற்றத்துக் குழாய் தெரியும். வீட்டுச் சட்டத்தை மீறி மோட்டார் ஓடும்போது நான் வரைந்துகொண்டிருந்த நாட்கள் உண்டு. ஒரு நாள் திரை நீலமானது. அதே நொடியில் வெளியே அம்மா "ச்சே" என்று கையை உதறினாள். இரண்டாம் நாளும் பார்த்தேன். மூன்றாம் நாள், அம்மா குழாயில் கை வைக்கிற வரைக்கும் காத்திருந்து பார்த்தேன். வைத்தாள். உதறினாள். எனக்குப் பின்னால் பெட்டி 'டிக்' என்று அணைந்தது. அம்மாவையும் கம்ப்யூட்டரையும் ஏதோ ஒன்று ஒரே நேரத்தில் தொடுகிறது என்று தெரிந்துபோயிற்று. அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா பெட்டியைத் தூக்கிக் கொல்லையில் போடுவார். நான் வரைந்த வீடுகள் எல்லாம் அதற்குள் இருந்தன.

சித்திரை முடியும்போது அண்ணனுக்கு ஒரு நல்ல காலம் வருவதுபோல் இருந்தது. டைப் இன்ஸ்டிட்யூட் சார் என்று ஊரில் ஒருத்தர் இருந்தார். தட்டச்சு மிஷின்களை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் சென்டர் வைக்கப்போவதாகப் பேச்சு. ஐந்து கம்ப்யூட்டரை அண்ணனே மாட்டித் தரலாம், பிறகு அங்கேயே சொல்லிக்கொடுக்கவும் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"ஒரு மணி நேரம் நிக்காம ஓடட்டும்டே. பக்கத்துல இருந்து பாக்கேன். ஓடிட்டுன்னா அன்னைக்கே பேசி முடிச்சிருவோம்."

அவருடைய இன்ஸ்டிட்யூட் கட்டடத்துக்கும் அப்பாதான் வயரிங்.

அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அப்பா பத்தமடையில் ஒரு வேலைக்குப் போயிருந்தார். அண்ணன் விடியற்காலையே தொட்டியை நிரப்பிவிட்டு, மோட்டார் சுவிட்சின்மேல் 'தொடாதே' என்று காகிதம் ஒட்டியிருந்தான். சார் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் அவர் காலுக்குக் கீழே மணைப்பலகையை நகர்த்திவைத்தான். அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து "வாங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு நின்றாள். நான் ஜன்னலோரம் நின்றேன்.

கால் மணி ஓடியது. அரை மணி ஓடியது. அண்ணன் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். அவன் கழுத்தில் வியர்வை இறங்கிச் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"நல்லாத்தாம்லே ஓடுது" என்றார் சார். "தொண்டைக்கு ஒரு காப்பி கிடைக்குமா?"

எங்கள் வீட்டில் தொட்டித் தண்ணீரில் காப்பி போடுகிற வழக்கமில்லை. மோட்டாரைப் போட்டு, பூமியிலிருந்து அப்போதுதான் வருகிற தண்ணீரை முற்றத்துக் குழாயில் பிடித்துத்தான் அம்மா காப்பிக்கு வைப்பாள். வந்திருப்பவரோ பையனுக்கு வாழ்க்கை கொடுக்கப் போகிறவர். அவருக்குப் போய்த் தொட்டித் தண்ணீரா? அம்மா ஒரு நிமிஷம் யோசித்திருப்பாள். 'ஒரு செம்பு பிடிக்கிற நேரம்தானே' என்று நினைத்திருப்பாள். செருப்பு முன்வாசலில் கிடந்தது. வெறுங்காலோடு பின்பக்கம் போனாள். காலையில் துணி துவைத்த ஈரம் முற்றம் முழுக்க இருந்தது.

மோட்டார் சத்தம் கேட்டது. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

செம்பைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு அம்மா கை நீட்டினாள். "யம்மா, தொடாத" என்று கத்தியதாக ஞாபகம். கத்தவில்லை என்றும் ஞாபகம். திரை நீலமானது. அம்மா இந்தத் தடவை கையை உதறவில்லை. குழாயைப் பிடித்த பிடி விடவே இல்லை. தலை மட்டும் பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, சத்தமே வராமல் நின்றாள்.

நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தேன். அப்பா வீட்டில் வேலை செய்யும்போதெல்லாம் மெயினை இறக்குகிற வேலை எனக்குத்தான். கை தானாகச் செய்தது. மோட்டார் நின்றது. முற்றத்தில் அம்மா விழுந்த சத்தம் கேட்டது.

உயிர் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களைத் தவிக்கவிட எனக்கு ஆசையில்லை. வலது கை விரல் மூன்று கருகிப்போயிருந்தன. கண் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. சாரும் அண்ணனும் தூக்கிவந்து முன்கூடத்துப் பட்டகசாலையில் கிடத்தினார்கள். கம்பவுண்டரும் வந்தார், நரம்பு ஊசி போட்ட அதே கம்பவுண்டர். அம்மாவின் விரலைப் பார்த்தார், அப்புறம் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

யாரோ சொல்லி அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். அம்மாவின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு நேரே முற்றத்துக்குப் போனார். மெயினை ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். மோட்டாரைப் போட்டுக் குழாயில் டெஸ்டரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. குழாயில் சுற்றியிருந்த எர்த் கம்பியைப் பார்த்தார். அதிலிருந்து கண்ணாலேயே குழாயோடு நடந்து போனார். மோட்டார், அதற்குக் கீழே போரின் வாய், அதில் இறங்குகிற புதுப் பிளாஸ்டிக் குழாய். அங்கே அவர் கண் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. நான் மெயின் பக்கத்திலிருந்து அவரைப் பார்த்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

சார் பின்னாலேயே வந்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, எதுல கோளாறு? நம்ம இன்ஸ்டிட்யூட்லயும் நீங்கதான வயரிங்..."

அப்பா டெஸ்டரைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

"வயரிங்ல ஒண்ணும் இல்ல சார். இவன் மாட்டின பெட்டிதான். பழைய சப்ளைல்லா, அதுல இருந்து லீக்காகிக் குழாய்க்கு வந்திருக்கு."

அண்ணன் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான். அறைக்குள் போய் ஒயர் எல்லாவற்றையும் உருவினான். மூன்று வாரம் ஒரு குறையுமில்லாமல் ஓடியதே என்று நான் சொல்லியிருக்கலாம். நான் பார்த்த மூன்று தடவையையும் சொல்லியிருக்கலாம். அப்பாவின் பார்வை என் முகத்திலேயே இருந்தது. நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம், அம்மாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தபோது, அப்பா கொல்லையில் கடப்பாரையால் இடுப்பளவு குழி தோண்டினார். எதற்கு என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டதற்கு, "முருங்கக் கொம்பு நடப்போறேன்" என்றார். மனுஷனுக்கு அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று அத்தை மூக்கில் விரலை வைத்தாள். கொம்பும் நட்டார். அவர் கையெல்லாம் கரி. வேட்டியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. மறுநாள் விடியுமுன் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனார். அந்தக் கோடை முழுக்க, கூப்பிடாத வீட்டுக்கெல்லாம் தானே போய், "வெயில் காலத்துல எர்த்த ஒருதரம் பாக்கணும்" என்று சொல்லிக் குழி தோண்டிக் கொடுத்தார். ஊரில் அவர் பெயர் இன்னும் உயர்ந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்று அவர்மேல் எழுந்த ஆத்திரம் இன்னும் அடங்கவும் இல்லை.

அண்ணன் பெட்டியோடு பஸ் ஏறினான். உவரிப் பக்கம் ஒரு சிநேகிதன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தான். பெட்டியை அங்கே கடலில் போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். பிறகு தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற வேலை. கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் ஆயிற்று. ஆனால் அவன் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. மகள் கல்லூரிக்கு லேப்டாப் வேண்டும் என்று அழுதபோதும், "பக்கத்து வீட்ல போய்ப் பாத்துக்கோ" என்றானாம். நல்ல நாள் பெரிய நாளுக்கு ஊருக்கு வருவான். அம்மாவின் வலது கையைப் பார்க்க மாட்டான். சுருங்கிப்போன அந்த மூன்று விரலால் அவள் சோறு போடும்போது வேறெங்கோ பார்ப்பான். முற்றத்துக் குழாயைத் தொட மாட்டான். வாளித் தண்ணீரில்தான் கால் கழுவுவான்.

அம்மாவும் அந்தக் குழாயைத் தொடவில்லை. ஆற்றில் குளித்தாள். குடிக்கத் தெருக்குழாயில் பிடித்தாள். மற்றதுக்கெல்லாம் அப்பாதான் தினமும் காலையில் இரண்டு வாளி நிரப்பி அவள் பக்கத்தில் வைப்பார். பெண்டாட்டிக்குத் தண்ணி பிடிக்கிற வயர்மேன் என்று தெருவில் கேலி. "இப்பத் தொடலாம், ஒண்ணும் செய்யாது" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எப்படிச் சொல்வார்? பெட்டி போய்விட்டது, இனித் தொடலாம் என்றால், அதே பொய்யை அம்மாவின் முகத்துக்கு நேரே இன்னொரு தடவை சொல்ல வேண்டும். சரிசெய்துவிட்டேன் என்றால், எதை என்று சொல்ல வேண்டும். இரண்டு வாளியும் வருஷக்கணக்காக அப்படியே நடந்தன.

போன தை மாதம் அப்பா படுத்தார். நான் போய்ப் பத்து நாள் இருந்தேன். ஒரு மத்தியானம், அண்ணனுக்கு போன் போடச் சொன்னார். போட்டு அவர் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அண்ணன் "யப்பா, சொல்லுங்க" என்பது எனக்கும் கேட்டது. அப்பாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அம்மா கதவோரம் நின்று அவரையே பார்த்தாள். நான் மனசுக்குள் 'சொல்லிருங்கப்பா, சொல்லிருங்க' என்று கெஞ்சினேன்.

"சாப்ட்டியாலே?" என்றார் அப்பா.

"சாப்ட்டேம்ப்பா."

போனைத் திருப்பித் தந்துவிட்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் ஆற்றங்கரையில் முடிந்து எல்லாரும் வீடு திரும்பினோம். அண்ணன் வழக்கம்போல் வாளியைத் தேடினான். வாளி காலியாகக் கிடந்தது. நிரப்பி வைக்கிற ஆள் இல்லை அல்லவா? அவன் முற்றத்தில் அப்படியே நின்றான். அவன் தலையும் நரைத்துவிட்டது.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். செருப்பில்லாத கால். மோட்டார் சுவிட்சைப் போட்டாள். ஈர முற்றத்தில் பைய நடந்துபோய், அந்த மூன்று விரலால் குழாயைப் பிடித்துத் திருகினாள். அண்ணன் "யம்மா" என்று பாய்ந்து அவள் தோளைப் பிடித்துவிட்டான்.

தண்ணீர் வாளியில் கொட்டியது. அவ்வளவுதான். வேறொன்றும் ஆகவில்லை.

"முருங்கைக்கு எவனாவது கோடைல தெனமும் தண்ணி ஊத்துவானாலே?" என்றாள் அம்மா. "ஒங்கப்பா ஊத்துனாரு. அது முருங்கைக்கு இல்ல, எர்த் குழிக்கு. குழி காயக் கூடாதுன்னு வயர்மேன் பொண்டாட்டிக்குத் தெரியாதா? வத்தல் போட வாங்கி வச்ச கல்லுப்பு மூட்ட அன்னைக்குச் சாயங்காலம் காலி. இஸ்திரிக்காரன்ட்ட கரி வாங்கிருக்காரு. உப்பும் கரியும் எர்த் குழிக்குத்தானலே. நான் கண்ண மூடிக் கெடந்தேனே தவிர, காது கேட்டுச்சு. ஒன் பெட்டி ஒண்ணும் செய்யல. அவரு வாயால சொல்லட்டும்னு பாத்தேன். சொல்லுத வரைக்கும் குழாயத் தொடுததில்லன்னு இருந்தேன். மனுசன் சொல்லாமலே போயிட்டாரு."

"எனக்கும் தெரியும்ணே" என்றேன். "நான் ஜன்னல்ல இருந்து மூணு தடவ பாத்தேன்."

அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் குழாய்க்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டினான். தொடுவதற்கு முன் ஒரு நொடி விரல் நின்றது. பிறகு மொத்தக் கையாலும் பிடித்துக்கொண்டான். பிடித்த கையை எடுக்காமல், வெறுங்காலோடு, தோள் குலுங்க நின்றான். வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் எங்கள் காலுக்குக் கீழே ஓடியது.

அம்மாதான் கடைசியில் குழாயை மூடினாள்.

"வாளியக் கீழ கொட்டிராத," என்றாள் அவனிடம். "முருங்கைக்கு ஊத்திட்டு வா."